தங்கவயலில் நம் பங்கு

‘வெள்ளைக்காரன் கம்பெனி வந்ததாலதான் நம்ம சனம் கவுரவமா சோறு தின்னுச்சு’ என்றொரு பேச்சு நம் கூட்டங்களில் அடிக்கடி வரும். உடனே இன்னொரு தோழர் எழுந்து, ‘சோறா போட்டான்? ரத்தத்தை இல்ல உறிஞ்சினான்’ என்பார். இரண்டு பேரும் சாட்சிக்குக் கூப்பிடுவது கோலார் தங்கவயலைத்தான். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலும் ஒரு கோளாறும் இருக்கிறது. ஒரு பேச்சில் கம்பெனிக்காரன் கொடுக்கிறான், இன்னொன்றில் பறிக்கிறான். எப்படிப் பார்த்தாலும் காரியம் செய்கிறவன் அவன்தான். குழிக்குள் இறங்கின நம் ஆட்கள் வாங்கிக்கொண்டவர்களாகவோ பறிகொடுத்தவர்களாகவோ சும்மா நிற்கிறார்கள்.

இன்றைக்கும் இந்தக் கேள்வி தீர்ந்துபோகவில்லை. தனியார்மயம் வந்தால் சாதி ஒழியும், கம்பெனிக்குச் சாதி தெரியாது, லாபம்தான் தெரியும் என்று நம்மிலேயே படித்தவர்கள் சிலர் எழுதுகிறார்கள். சரி, லாபம் மட்டுமே தெரிந்த ஒரு கம்பெனி நம் சனத்தை வைத்து 75 வருஷத்துக்கு மேல் தொழில் நடத்திய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுப் பேசலாமே.

பங்கு என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தொண்டை மண்டலத்து ஊர்களில் நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. ஊரையே இத்தனை பங்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். பங்கு உள்ளவனுக்கு நஞ்சையிலும் புஞ்சையிலும் மட்டுமில்லை, தரிசிலும் ஏரியிலும் மரத்திலும்கூடப் பாத்தியதை உண்டு. எல்லிஸ் துரை இந்த மிராசு முறையைப் பற்றி 1810களிலேயே விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலத்தில் இறங்கி உழுது, நட்டு, அறுத்துப் போட்டவர்கள் சேரிக்காரர்கள். அவர்களுக்குப் பங்கு கிடையாது. களத்துமேட்டில் அளந்து போடுகிற படிதான் உண்டு. படிக்கு உழைத்ததால் படியாள் என்று பேர். குடிசை போட்டிருந்த மனைகூடப் பல ஊர்களில் மிராசுதாரன் பாத்தியதை. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, குடியிருப்பும் போய்விடும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பில் இதையெல்லாம் அரசாங்கத்துக்கே எடுத்துச் சொன்னார். தரிசு நிலத்தை நம் ஆள் தர்காஸ்து போட்டுக் கேட்டாலும் மிராசுதாரன் குறுக்கே வந்து ‘எனக்குத்தான் முன்னுரிமை’ என்று மறித்துவிடலாம் என்பதே அன்றைய நடைமுறை. அந்தக் குறிப்புக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் என்ற பேச்சே வந்தது.

இந்த நிலைமையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. வடார்க்காடு, சேலம், மைசூர்ச் சீமை எல்லாம் சுடுகாடானது. கையில் நிலமோ நெல்லோ உள்ளவன் எதையாவது விற்றுத் தின்னலாம். படி வாங்கித் தின்றவனுக்குக் களம் காய்ந்தால் விற்பதற்கு உடம்பைத் தவிர என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்துக் கிழவிகள் ரொம்ப காலம் வரைக்கும் பஞ்சம் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

பஞ்சம் ஓய்ந்து இரண்டே வருஷத்தில், 1880இல், மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி தொடங்கியது. அதன் பின்னால் இருந்து சுரங்கத்தை நடத்தியது ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம். இதற்கு முன்பே கோலார் பக்கம் தங்கம் இருப்பது தெரியும். 1802இல் ஜான் வாரன் என்ற பட்டாளத்து அதிகாரி அங்கே வந்தபோது ஊர்க்காரர்கள் மண்ணை அரித்துத் தங்கப்பொடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1870களில் லாவெல் என்ற பழைய சிப்பாய் மைசூர் அரசாங்கத்திடம் உரிமை வாங்கித் தோண்டிப் பார்த்தான். கைப்பணம் கரைந்துபோனதால் விட்டுவிட்டான். டெய்லர் கம்பெனிக்கும் முதல் சில வருஷம் ஒன்றும் அகப்படவில்லை. 1880களின் நடுவில் கனத்த தங்கரேகை ஒன்று சிக்கியது. அப்புறம் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க்கம் என்று பெரிய சுரங்கங்கள் நாலும் வரிசையாக எழுந்தன.

அந்தக் கம்பெனிகளில் முதல் போட்டவனுக்கு என்ன பேர் தெரியுமா? பங்குதாரன். ஊரில் மிராசுதாரன் வைத்திருந்ததும் பங்கு, லண்டனில் அவன் வாங்கி வைத்திருந்ததும் பங்கு. கலப்பையைத் தொடாமல் ஒருத்தன் மகசூலில் பங்கு எடுத்தான், கோலார் எந்தத் திசை என்றே தெரியாமல் இன்னொருத்தன் தங்கத்தில் பங்கு எடுத்தான். நம் ஆட்கள் முதல் பங்கிலிருந்து தப்பித்து ஓடி இரண்டாவது பங்கின் கீழே போய் நின்றார்கள் என்பதுதான் தங்கவயல் வரலாற்றின் சுருக்கம்.

தப்பித்து ஓடினார்கள் என்று நான் சும்மா எழுதவில்லை. வடார்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் சேலத்திலிருந்தும் நடந்தே போனவர்கள், ரயில் ஏறிப் போனவர்கள், மேஸ்திரி பின்னால் போனவர்கள் எனப் பல ஆயிரம் பேர். பெரும்பகுதி ஆதிதிராவிடர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆண்டையோடு தகராறு பண்ணிக்கொண்டு ராவோடு ராவாகக் காணாமல் போனவனைப் பற்றி, ‘அவன் கோலாருக்குப் பூட்டான்’ என்று சொல்வார்கள். அந்தப் பேச்சில் வருத்தம் இருக்காது. ஆண்டை கைக்கு எட்டாத இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்கிற தைரியம்தான் இருக்கும். அங்கே கூலி துட்டாகக் கிடைத்தது. காலில் செருப்புப் போடலாம், தோளில் துண்டு போடலாம், சம்பளத்தன்று கடைக்குப் போய்ப் பிடித்ததை வாங்கலாம். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுகிறவருக்குச் சேரி தெரியாது.

ஆனால் இந்தச் சுதந்திரத்தைக் கம்பெனி கொடுத்ததாகச் சொல்ல முடியுமா? கம்பெனிக்கு வேண்டியிருந்தது மலிவான உழைப்பு. ஊரில் படிக்கு உழைத்தவனுக்கு எட்டணா என்றால்கூடப் பெரிய தொகையாகத் தெரியும் என்பது கம்பெனிக்குத் தெரியும். ஊரில் ஆண்டை எவ்வளவுக்கு எவ்வளவு மட்டமாக நடத்துகிறானோ அவ்வளவுக்கவ்வளவு குழியில் கூலியைக் குறைத்து வைக்கலாம். கம்பெனி சாதியை உண்டாக்கவில்லை, அதை ஒழிக்கவும் வரவில்லை. சாதியால் விலை குறைந்து கிடந்த உழைப்பை அந்தக் குறைந்த விலைக்கே வாங்கிக்கொண்டது.

வாங்கின உழைப்பை அடுக்கி வைத்த விதத்தைப் பாருங்கள். உச்சியில் வெள்ளைக்கார மேலாளர்களும் இன்ஜினியர்களும். அவர்களுக்குக் கீழே இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள், இத்தாலிக்காரர்கள். அப்புறம் ஆங்கிலோ இந்தியர்கள். காவலுக்கு வடக்கேயிருந்து கொண்டுவந்த பஞ்சாபிகள். ஆபீசில் கணக்கு எழுத மேல்சாதி குமாஸ்தாக்கள். குழிக்குள் இறங்கித் துளைபோட, வெடிவைத்த பாறையை வார, தள்ளுவண்டி தள்ள நம் ஆட்கள். மேலே துரைமாருக்குக் கிளப், கோல்ஃப் மைதானம், தோட்டம் வைத்த பங்களா. ‘குட்டி இங்கிலாந்து’ என்றே அந்த இடத்துக்குப் பேர். கூலிக்காரர்களுக்கு மூங்கில் தட்டியால் மறைப்புக் கட்டின குடிசைகள், லைன் லைனாக. ஊரும் சேரியும் என்று இருந்தது பங்களாவும் லைனும் என்று ஆனது.

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிற ஆட்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். நவீன இயந்திரம் வந்தால் இது தானாக உடையும் என்று நம்பினவர்களுக்கு அவர் காட்டிய உதாரணம் பம்பாய்ப் பஞ்சாலை. அங்கே நெசவுப் பகுதியில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அறுந்த நூலை வாயில் வைத்து எச்சில் படுத்த வேண்டியிருக்கும், தீட்டாகிவிடுமாம். கூலி அதிகம் கிடைக்கிற பகுதி அதுதான். தங்கவயலில் தீட்டு வேறு மாதிரி வேலை செய்தது. யாருடைய உடம்பு போனாலும் கேள்வி வராதோ அந்த உடம்பு ஆழத்துக்குப் போனது.

எவ்வளவு ஆழம்? சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் மேலே இறங்கியது. உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று தானாகவே வெடித்துச் சிதறும். அதில் நசுங்கிச் செத்தவர்கள் உண்டு. வெடிக்காமல் கொன்றது தூசி. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசி நெஞ்சில் படிந்து நுரையீரலைக் கல்லாக்கிவிடும். சிலிகோசிஸ் என்று டாக்டர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். 1940களில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 43.7 பேருக்கு அந்த நோய் இருந்தது. நூற்றில் நாற்பத்து மூன்று என்றால் ஒரு லைனில் வீடு விட்டு வீடு இருமல் சத்தம் கேட்டிருக்கும். சுரங்கம் ஆரம்பித்து அறுபது வருஷத்துக்குப் பிறகு எடுத்த கணக்கு இது. அதற்கு முன்னால் செத்தவர்களில் எத்தனை பேருக்கு ‘காசம்’ என்று எழுதிப் புதைத்தார்களோ.

கம்பெனியின் கை சுரங்கத்தோடு நிற்கவில்லை. மைசூர் ராஜ்யம் உடையார் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது 1881இல். பஞ்சத்தில் நொடித்துப்போன ராஜ்யம், பிரிட்டிஷாருக்குக் கப்பமும் கட்டியாக வேண்டும். எடுக்கிற தங்கத்தில் நூற்றுக்கு 5 ராயல்டி என்று கம்பெனி நீட்டியபோது சமஸ்தானத்துக்கு அது பெரிய வருமானம். அதற்குப் பிறகு கம்பெனி கேட்டது நடந்தது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் பாதை. இயந்திரம் ஓட்ட மின்சாரம் வேண்டும் என்றதும் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்டி, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு மின்சாரம் வந்தது 1905இல்தான். ராஜாவின் பெரிய நகரத்துக்கு மூன்று வருஷம் முன்பே கம்பெனியின் இயந்திரத்துக்கு வெளிச்சம் வந்துவிட்டது.

கோடையில் காவிரியில் தண்ணீர் குறைந்தால் மின்சாரம் குறையும், மின்சாரம் குறைந்தால் சுரங்கம் நிற்கும். கண்ணம்பாடி அணை கட்டியே ஆகவேண்டும் என்று மைசூர் அரசு 1910 வாக்கில் சொன்ன காரணங்களில் இது ஒன்று. அந்த அணையை வைத்துச் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் வழக்கு வளர்ந்து 1924 ஒப்பந்தம் வரை போனது நமக்குத் தெரியும். இன்றைக்கும் காவிரி என்றால் தமிழன் கன்னடன் என்று இரண்டு பக்கமும் ரத்தம் கொதிக்கிறது. அந்தச் சண்டையின் வேரில் லண்டன் பங்குதாரனின் லாபமும் ஒரு வேராக ஓடியிருக்கிறது என்பதை யார் பேசுகிறார்கள்?

சட்டமும் கம்பெனிக்காக வளைந்தது. தங்கம் கலந்த கல்லோ மண்ணோ ஒருத்தன் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவன் காரணம் காட்ட முடியாவிட்டால் அதுவே குற்றம் என்று மைசூரின் சுரங்கச் சட்டம் சொன்னது. சாதாரணமாகத் திருட்டை அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டும். தங்கவயலில் மட்டும் திருடவில்லை என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். வாரன் காலத்தில் ஊர்ச்சனம் மண்ணை அரித்துத் தங்கம் எடுத்தது பிழைப்பு. எண்பது, தொண்ணூறு வருஷத்தில் அதே மண் அதே மாதிரி ஆளின் கையில் இருந்தால் திருட்டு. லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனதற்கு மட்டும் ஏற்றுமதி என்று பேர்.

சரி, கொடுத்ததும் பறித்ததும் போகட்டும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்ற கதைக்கு வருகிறேன். கம்பெனியின் ரிப்போர்ட்டுகளில் இந்தக் கதை இருக்காது.

1907இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதே 1907இல் தங்கவயலின் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை ஏற்பட்டது. நாள் முழுக்கக் குழிக்குள் கிடந்து வந்தவர்கள் சாயங்காலம் கூடிப் பத்திரிகையை ஒருத்தர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். நாம் யார், நமக்கு முன்னால் இந்த நாட்டில் என்ன இருந்தது, பறையன் என்ற பேரைப் போட்டது யார் என்று விவாதித்தார்கள். புத்த மார்க்கத்தில் சேர்ந்தார்கள். பிராமணப் புரோகிதன் இல்லாமல் கல்யாணம் செய்தார்கள். எம். ஒய். முருகேசர், ஏ. பி. பெரியசாமிப் புலவர், அப்பாதுரையார் என்று எத்தனையோ பேர் அந்த லைன்களுக்கு நடுவில் நின்று பேசினார்கள், எழுதினார்கள், சண்டை போட்டார்கள்.

அயோத்திதாசர் 1914இல் இறந்தபின் நின்றுபோன ‘தமிழ’னை 1926இல் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தவர் அப்பாதுரையார். பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகங்களாகப் போட்டதும் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலைதான். 1990களில் நாம் அயோத்திதாசரைத் திரும்பக் கண்டெடுத்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பெருந்தொகுதிகள் வந்தபின் பல்கலைக்கழகங்கள்கூட அந்தப் பேரைச் சொல்ல ஆரம்பித்தன. எம்.ஏ. தமிழ் படித்தவள் நான். இரண்டு வருஷப் பாடத்தில் அந்தப் பேர் ஒரு தடவை வந்தது, அதுவும் அடிக்குறிப்பில். ஆனால் கண்டெடுப்பதற்கு அந்தக் காகிதங்கள் மிச்சமிருந்தது எப்படி? கூலியில் மிச்சம் பிடித்துப் பத்திரிகை வாங்கி, டிரங்குப் பெட்டியில் போட்டுப் பேரப்பிள்ளை காலம் வரை காப்பாற்றி வைத்த சனம் இருந்ததால்தான். கூலி கம்பெனியுடையது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அந்தக் கூலியில் பத்திரிகை வாங்க வேண்டும் என்ற முடிவு யாருடையது?

அதனால்தான் கம்பெனி நம்மைத் தலைநிமிர வைத்தது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அசாம், இலங்கைத் தோட்டங்களிலும் கூலி துட்டாகத்தான் கிடைத்தது. தங்கவயலில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் நெருக்கமாகக் குடியிருந்தார்கள், ஆண்டை பக்கத்தில் இல்லை, சென்னைக்கு ரயில் இருந்தது. இந்தச் சந்தர்ப்பத்தை லாபத்துக்காகக் கம்பெனி உண்டாக்கியது. அதை விடுதலைக்காகப் பயன்படுத்திக்கொண்டது நம் ஆட்கள்.

போராட்டத்திலும் அப்படித்தான். 1930 ஏப்ரலில் தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கைரேகை என்பது அந்தக் காலத்தில் கேடிக்கும் குற்றப்பரம்பரைக்கும் எடுக்கிற சங்கதி. ‘நாங்க இன்னா திருடனுங்களா?’ என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே இல்லாத காலம் அது. சங்கம் இல்லை, வெளியூர்த் தலைவர் இல்லை, நிதி இல்லை. ஆனாலும் சுரங்கங்கள் நாள்கணக்கில் நின்றன. கூலி உயர்வுக்காக நடக்காத வேலைநிறுத்தம் அது, மானத்துக்காக நடந்தது. இருபது வருஷத்துக்கு மேல் சாயங்காலக் கூட்டங்களில் ‘நாம் இழிந்தவர்கள் இல்லை’ என்று கேட்டு வளர்ந்த சனத்துக்குக் கட்டைவிரலில் மை தடவ வந்தால் பொறுக்குமா? பௌத்த சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் தனித்தனி அத்தியாயமாக எழுதுகிறவர்கள் இந்த முடிச்சைத் தவறவிடுகிறார்கள்.

நம் வரலாற்றாசிரியர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இடதுசாரித் தோழர்கள் எழுதினால் தங்கவயல்காரர்கள் வெறும் ‘தொழிலாளி வர்க்கம்’. தமிழ்த் தேசியர்கள் எழுதினால் ‘புலம்பெயர்ந்த தமிழர்’. கம்பெனிக் கணக்கில் ‘கூலி’. மூன்றும் பொய்யில்லை. ஆனால் எந்தத் தமிழன் குழிக்குள் போனான், எந்தத் தமிழன் ஆபீசில் உட்கார்ந்தான் என்று கேட்டால் மூன்று தரப்பும் வாயைத் திறக்காது. 1938இல் மன்மாட்டில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர், தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகள் இருப்பதாகச் சொன்னார். தங்கவயல்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. 1954இல் அவர் தங்கவயலுக்கே வந்தபோது, சொல்லிக்கொடுக்க வந்தவராக இல்லாமல் தங்கள் வீட்டு ஆளாகத்தான் அவரை வரவேற்றிருப்பார்கள்.

1940களில் செங்கொடிச் சங்கம் பலம் பெற்றது. 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். தியாகிகள் தினமாக அதை அங்கே நினைவு வைத்திருக்கிறார்கள். சுடச் சொன்னது யார் ஆட்சி, யார் காசுக்காக என்பது அவர்களுக்கு மறக்கவில்லை.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. பிறகு 1962இல் மத்திய அரசிடம் போய், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனி ஆனது. பங்குதாரன் போனான், இனி நம்முடையது என்று சனம் நினைத்தது. வெள்ளைக்காரன் போன பங்களாவில் வேறு சாதிக்காரன் குடிவந்தான். நாட்டுடைமை என்றால் நாடு யாருடையதோ அவருடைய உடைமை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. ஆழம் போகப் போகச் செலவு ஏறியது, பாறையில் தங்கம் குறைந்தது. நஷ்டம், நஷ்டம் என்று கணக்குக் காட்டி 2001 பிப்ரவரி 28ஆம் தேதி இழுத்து மூடினார்கள். அப்போது வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

சுரங்கம் நடந்த காலம் முழுக்க வெளியே போன தங்கம் சுமார் 800 டன் என்கிறார்கள். 800 டன் எடுத்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் மூடியபின் என்ன செய்தார்கள்? லைன் வீட்டைத் தங்கள் பேருக்கு எழுதித் தரச்சொல்லி மனு எழுதினார்கள். தாத்தா பிறந்த வீடு, அப்பன் செத்த வீடு, ஆனால் மனை கம்பெனியுடையது. மிராசுதாரன் மனையில் குடிசை போட்டிருந்த அதே கதை, நூறு வருஷம் கழித்து வேறு மாநிலத்தில். விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்புகிற ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் தொங்கிக்கொண்டு போய் ராத்திரி திரும்புகிறார்கள். தங்கத்தைக் கொண்டுபோகப் போட்ட பாதையில் இப்போது ஆளைக் கொண்டுபோகிறார்கள். பெங்களூரின் கண்ணாடி மாளிகைகளில் பங்குதாரர்கள் வேறு, பெருக்குகிற, காவல் காக்கிற, கணினிமுன் இரவு முழுக்கக் கண்விழிக்கிற ஆள் பல நேரம் தங்கவயல் ஆள்.

2018இல் ‘கே.ஜி.எஃப்’ என்று ஒரு கன்னடப் படம் வந்து நாடெங்கும் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பேரைச் சொன்னால் ஒரு ரவுடி நாயகன்தான் பிள்ளைகளின் ஞாபகத்துக்கு வருகிறான். 2024இல் பா. ரஞ்சித் ‘தங்கலான்’ எடுத்தபோதுதான் அந்த மண்ணை யார் தோண்டினார்கள் என்ற கேள்வி திரையில் வந்தது. அதே 2024இல் இன்னொன்றும் நடந்தது, அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தங்கவயலில் சயனைடு மேடுகள் என்று சாம்பல் நிறத்தில் குன்றுகள் இருக்கின்றன. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டின கழிவுமண். மொத்தம் 13 மேடுகள், 3 கோடியே 30 லட்சம் டன். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள்ளும் சோற்றிலும் வந்து விழும் என்று அங்கே இருப்பவர்கள் நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கழிவில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது, இன்றைய விலைக்கு எடுத்தால் கட்டுபடியாகும் என்று கணக்குப் போட்டு, மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

ஏலத்தில் எடுக்கப்போவது ஏதாவது ஒரு கம்பெனி. ராஜ்யத்துக்கு ராயல்டி உண்டு. கம்பெனிக்குப் பங்குதாரர்கள் உண்டு. அந்த மண்ணைத் துளைத்து, வாரி, மேலே ஏற்றினவர்களின் வாரிசுகளுக்கு என்ன உண்டு? கொஞ்சம் பேருக்குக் கூலி வேலை கிடைக்கும் என்பார்கள். ‘வேலை கொடுக்கிறோமே’ என்பது பழைய பாட்டு. படி அளந்தவனும் அதைத்தான் சொன்னான், லண்டன்காரனும் அதைத்தான் சொன்னான்.

நாம் வேலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் படியாளாகவே இருப்போம். கேட்க வேண்டியது பங்கு. லைன் வீட்டு மனைக்குப் பட்டா கேட்க வேண்டும். சயனைடு மேட்டை யார் எடுத்தாலும் அதன் லாபத்தில் தங்கவயல் சனத்துக்குச் சட்டப்படி ஒரு பாகம் என்று எழுதி வாங்க வேண்டும். மறுபடி தூசி பறக்கும்போது யாருடைய நெஞ்சில் அது படிகிறது என்று சோதிக்க டாக்டரையும், நோய் வந்தால் நஷ்டஈட்டையும் ஏலத்துக்கு முன்னாலேயே கேட்க வேண்டும், அறுபது வருஷம் கழித்துக் கணக்கெடுக்க விடக்கூடாது. இதைக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் பங்குப் பத்திரத்தைக் காட்ட நம்மிடம் இல்லை. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இருக்கிற நம் சுடுகாடுகளைக் காட்டலாம். டிரங்குப் பெட்டிகளில் மிச்சமிருக்கிற பழைய ‘தமிழன்’ இதழ்களையும் காட்டலாம்.